யாருக்காக இந்த மெனக்கெடல்?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். காரைக்குடிப் பக்கம் எந்தப் பேச்சும் கணக்கில் தொடங்கினால்தான் காது கொடுப்பார்கள். ஒரு சிறுகதைத் தொகுப்பு, விலை 200 ரூபாய் என்று வையுங்கள். எழுதியவருக்கு ராயல்டி 10 சதவீதம். ஒழுங்காகக் கொடுக்கிற பதிப்பாளர் வாய்த்தால் பிரதிக்கு 20 ரூபாய். 300 பிரதி போனால் 6,000. அந்த 300 போய்த் தீர இரண்டு புத்தகக் கண்காட்சி ஆகலாம், மூன்றும் ஆகலாம். கதைகளை எழுத நாலு வருஷம் பிடித்திருந்தால், நாலு வருஷத்து ராத்திரிகளுக்குக் கிடைத்தது ஒரு கொத்தனாரின் ஒரு வாரக் கூலி.

இந்தக் கணக்கைப் போட்டவர் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவனின் அப்பா. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். இடித்த வீடுகளின் தேக்குத் தூண், நிலை, எனாமல் கேரியர், ரவிவர்மா படம், கல்சட்டி எல்லாம் அங்கே கிடைக்கும். பையன் கல்லூரி முடித்துவிட்டுப் பகலில் கடையில் உட்காருகிறான், ராத்திரியில் கதை எழுதுகிறான். சில கதைகள் அச்சில் வந்திருக்கின்றன. ஒன்றுக்கு மட்டும் காசு வந்தது.

“அண்ணே, அப்பா கேக்குறதுல தப்பே இல்ல. காசும் இல்ல, பேரும் இல்ல. பெறகு எதுக்குத்தான் எழுதுறாங்க? எனக்கே சொல்லத் தெரியல” என்றான்.

‘ஆத்ம திருப்தி’ என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு போய் அவன் அப்பா முன்னால் ஒரு நிமிஷம் நிற்க முடியாது. சொன்னவனுக்கும் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்று அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அதனால் ஆட்களை வைத்தே சொல்லத் தொடங்கினேன். முக்கியமான மூவரும் இந்தச் சீமைக்காரர்கள்.

முதல் ஆள் காசு பார்த்தவர். சிறுகூடல்பட்டியில் பிறந்து, காரைக்குடிக்குத் தத்து வந்த முத்தையா, அதாவது கண்ணதாசன். அவருக்கு மணிமண்டபமே இந்த ஊரில் இருக்கிறது. பாட்டுக்குக் காசு வாங்கினார், நிறைய வாங்கினார். காசுக்கு எழுதுவதில் ஒரு கேவலமும் இல்லை. அதைக் கேவலம் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் வேறெங்கோ மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பவர்கள். நான் தம்பியைக் கவனிக்கச் சொன்னது வந்த காசு போன வழியை. ‘தென்றல்’ என்று பத்திரிகை நடத்தினார். மருது சகோதரர்களின் கதையை ‘சிவகங்கைச் சீமை’ என்று சொந்தப் படமாக எடுத்தார். 1959 மே மாதம், ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வந்த அதே சமயத்தில் அது வெளியானது. கட்டபொம்மன் பக்கம் சிவாஜி இருந்தார், கலர் இருந்தது. இந்தப் படம் கையைக் கடித்தது. வியாபாரம் மட்டுமே கண்ணாக இருந்த மனிதர் என்றால் அந்தப் பணத்தை அந்த வருஷம் அந்தக் கதையில் போட்டிருக்க மாட்டார். எழுத்தில் சம்பாதித்ததை, எழுத்தில் சம்பாதிக்க முடியாத ஒன்றுக்குச் செலவழித்தார். பாட்டுக்கான காரணம் பணம் என்று சொல்லிவிடலாம். ‘வனவாசம்’ மாதிரித் தன் வண்டவாளத்தையும் சேர்த்து எழுதிய புத்தகத்துக்குப் பணத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. அதை எழுதாமல் இருந்தால் மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

“அவரு விதிவிலக்குண்ணே” என்றான் தம்பி. வாஸ்தவம். அதனால் கண்ணதாசனை அதோடு விட்டுவிட்டேன்.

அடுத்தவர் கோட்டையூர்க்காரர். காரைக்குடியிலிருந்து பஸ் ஏறினால் சீட்டில் சாய்வதற்குள் வந்துவிடும் ஊர். அந்த ஊருக்கு என்ன தண்ணீரோ தெரியவில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் அங்கே, 1909. புத்தகம் சேர்த்தே வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியாரும் அங்கே. அவர் வீட்டில் சேர்ந்து கிடந்த ஒரு லட்சம் அளவிலான புத்தகங்களையும் துண்டுப் பிரசுரங்களையும் வைத்துத்தான் இன்று சென்னைத் தரமணியில் ஒரு நூலகமே நடக்கிறது. இவர்களுக்கு நடுவில், 1911-இல் பிறந்தவர் அ. கருப்பன் செட்டியார். எழுத்தில் ஏ. கே. செட்டியார்.

ரங்கூனில் ‘தனவணிகன்’ பத்திரிகையில் ஆசிரியராக இருந்தார். ஜப்பானுக்குப் போய்ப் போட்டோகிராஃபி படித்தார். அங்கிருந்து அமெரிக்கா போனார். 1937 அக்டோபர் 2, காந்தியின் பிறந்த நாள். நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து போகிற கப்பலில் இருக்கிறார். இருபத்தாறு வயதுகூட முழுசாக நிரம்பவில்லை. காந்தியைப் பற்றி ஒரு டாகுமெண்டரி எடுக்க வேண்டும் என்று அந்தக் கப்பலில்தான் தோன்றுகிறது. ஸ்டூடியோ கிடையாது, கம்பெனி கிடையாது, காந்தியோடு நெருக்கமும் கிடையாது. காந்தியை அதுவரை படம் பிடித்தவர்கள் உலகம் பூராவும் சிதறியிருந்தார்கள். ஒரு செய்திப்படக் கம்பெனியிடம் தண்டி யாத்திரையின் துண்டு இருக்கும், இன்னொருவரிடம் லண்டன் வட்டமேஜை மாநாட்டின் துண்டு இருக்கும். ஒவ்வொன்றாகத் தேடிக் கேட்டு வாங்க வேண்டும். அதற்காக அலைந்தது சுமார் ஒரு லட்சம் மைல். சேர்ந்தது 50,000 அடி ஃபிலிம். அதிலிருந்து வெட்டி ஒட்டி 12,000 அடிப் படமாக்கி, 1940 ஆகஸ்டில் சென்னையில் வெளியிட்டார். நடுவில் உலக யுத்தமே தொடங்கிவிட்டது. வெள்ளைக்காரன் ஆட்சி, யுத்த காலம், காந்தி படம். கொஞ்ச காலத்தில் பிரதிகளை ஒளித்துவைக்க வேண்டிய நிலை வந்தது. பிற்பாடு அந்தத் தமிழ்ப் படம் போன இடம் தெரியவில்லை. வெகு காலம் கழித்து, ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் தேடலில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து அதன் சுருங்கிய ஆங்கில வடிவம் கிடைத்தது.

ஆனால் தம்பிக்கு நான் சொல்ல வந்தது படத்தைப் பற்றி இல்லை. படத்துக்குப் பிறகு அவர் செய்ததைப் பற்றி. 1943-இல் ‘குமரி மலர்’ என்று ஒரு மாத இதழ் தொடங்கினார். 1983-இல் மறையும்வரை அதோடுதான் இருந்தார். நாற்பது வருஷம். அதில் என்ன போட்டார் என்பதுதான் வேடிக்கை. தன்னுடைய பயணக் கட்டுரைகள் ஓரளவு, மீதியெல்லாம் மற்றவர்களுடையது. பழைய பத்திரிகைகளில் புதைந்து கிடந்த கட்டுரைகள், தொகுப்பில் சேராத பாரதி எழுத்துகள், யாரோ எப்போதோ எழுதிய பயணக் குறிப்புகள். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்று பெயர் வாங்கின மனிதர், தமிழ்நாட்டைப் பற்றி மற்றவர்கள் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தேடி ஒரு கனத்த தொகுப்பாகப் போட்டார். தன்னைப் பற்றிப் பேசுவதில் மகா கஞ்சன். உலகத்தையே படம் பிடித்தவருடைய படம் கிடைப்பது அரிது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். காந்தி படம் எடுத்த கதையைக்கூட விட்டு விட்டு, துண்டு துண்டாகத்தான் எழுதினார். அவர் மறைந்து வெகுநாள் கழித்து வேங்கடாசலபதி அவற்றைச் சேர்த்து ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்று புத்தகமாக்கினார்.

பெயருக்கு ஆசைப்படுகிறவன் செய்கிற வேலையா இது? காசுக்கும் இது தோதான வழி இல்லை. நகரத்தார் வீட்டில் பிறந்தவருக்குக் காசு பண்ண ஆயிரம் வழி தெரிந்திருக்கும், அதில் கடைசி வழிகூடச் சிற்றிதழாக இருக்காது.

தம்பி விடவில்லை. “அவங்க வீட்டுல வசதிண்ணே. செட்டியார் வீட்டுப் பிள்ளை சும்மா எழுதலாம். எங்க வீட்டுல முடியுமா?”

நியாயமான குறுக்குக் கேள்வி. எழுத்தாளர்களைப் பற்றிப் புல்லரிக்கப் பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியைச் சாமர்த்தியமாகத் தாண்டிவிடுவார்கள். நான் அவனை அப்படியே சிங்கம்புணரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், பேச்சில்தான்.

ப. சிங்காரம், 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். நம் மாவட்டமே. மதுரையில் ஒன்பதாம் வகுப்பு வரை படிப்பு. 1938-இல், பதினெட்டு வயதில் கப்பலேறி இந்தோனேசியாவின் மெடான் நகருக்குப் போய் ஒரு பிள்ளையின் வட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்து வட்டிக்கடை உத்தியோகத்தைப் பற்றித் தம்பிக்குத் தெரியவில்லை. செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கே இப்போது தெரியாது. கீழ்ப்படியில் பெட்டியடிப் பையன். கடையைக் கூட்ட வேண்டும், எடுபிடிக்கு ஓட வேண்டும், கைப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதப் பழக வேண்டும். அதற்கு மேல் அடுத்தாள். அதற்கும் மேல் மேலாள், முதலாளியின் பேரில் கடையை நடத்துகிறவர். மூன்று வருஷத் தவணைக்குப் போவார்கள், திரும்பி வருவார்கள், மறுபடியும் போவார்கள். கடல் தாண்டி நடந்த கடைகளின் கணக்கெல்லாம் ஊருக்கு வந்து சேர வேண்டும். ஐந்தொகை போட்டு, வரவும் பற்றும் நேர் செய்து முதலாளி கைக்கு அனுப்பினால்தான் அந்த ஆள் வேலையை முடித்தவன்.

சிங்காரத்துக்கு அங்கே கிடைத்தது சம்பளத்தை விடப் பெரியது. 1942-இல் ஜப்பான்காரன் மெடானுக்குள் வந்தான். டச்சுக்காரன் ஆட்சி ஒரே மூச்சில் சரிந்ததைக் கண்ணால் பார்த்தார். நேதாஜியின் படை, யுத்த முடிவு, இந்தோனேசியச் சுதந்திரப் போர் எல்லாம் நடந்த காலமும் சீமையும் அவருடையவை. அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். முதல் பிரசவத்தில் மனைவியும் குழந்தையும் போய்விட்டார்கள். 1946-இல் ஊர் திரும்பினார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. மதுரையில் தினத்தந்தியில் சேர்ந்து 1987 வரை வேலை பார்த்தார். வீடு என்று ஒன்று வைத்துக்கொள்ளாமல் மதுரை ஒய்.எம்.சி.ஏ. அறையிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார்.

வசதி இல்லை, குடும்பம் இல்லை, இலக்கிய நண்பர் கூட்டம் என்றும் பெரிதாக எதுவும் இல்லை. பகலெல்லாம் செய்தி எழுதுகிற வேலை. அந்த மனிதர் 1950-இல் ‘கடலுக்கு அப்பால்’ என்று ஒரு நாவல் எழுதி முடித்தார். பிள்ளை ஒருவரின் வட்டிக்கடையில் வேலை பார்க்கும் செல்லையா படையில் சேர்ந்துவிட்டுத் திரும்பி வருகிறான். முதலாளி தன் மகள் மரகதத்தை அவனுக்குக் கொடுக்க மறுக்கிறார். துப்பாக்கி பிடித்துவிட்டு வந்தவன் லேவாதேவிக்கு லாயக்கில்லை என்பது அவர் நினைப்பு. இதில் யார் பக்கம் நியாயம் என்று சிங்காரம் சுலபமாகத் தீர்ப்பு எழுதிவிடவில்லை. அந்தப் பிள்ளை மாதிரி ஆட்களை அவர் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

கையெழுத்துப் பிரதியைப் பதிப்பாளர்கள் சீந்தவில்லை. ஒன்பது வருஷம் கழித்து, கலைமகள் நாவல் போட்டியில் பரிசு வாங்கி 1959-இல் அது புத்தகமானது. 1962-இல் இரண்டாவது நாவலை எழுதி முடித்தார், ‘புயலிலே ஒரு தோணி’. கெர்க் ஸ்ட்ராட் என்ற டச்சுப் பெயர் கொண்ட மெடான் தெருவில் தொடங்குகிற கதை. ஜப்பான் படை ஊருக்குள் நுழைகிறது. நம்மூர்ப் பையன் பாண்டியன் மெடான், பினாங்கு என்று அலைந்துகொண்டே சின்னமங்கலத்தின் சந்தையையும் மதுரைத் தெருக்களையும் நினைவில் ஓட்டிக்கொண்டிருக்கிறான். தமிழ், மலாய், டச்சு, கடைக்கணக்கு மொழி, பழந்தமிழ் எல்லாம் ஒரே பக்கத்தில் புரளும். இந்த நாவல் அச்சேறப் பிடித்தது பத்து வருஷம். 1972-இல் கலைஞன் பதிப்பகம் போட்டது.

இங்கேதான் தம்பியின் கேள்விக்கு முதல் பாதிப் பதில் இருக்கிறது. 1950-இல் சிங்காரத்தை யார் எழுதச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. மெடான் தெருவில் அந்த வருஷங்களில் நடந்ததைத் தமிழில் எழுதக்கூடியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் பலர் ஊர் திரும்பிப் பலசரக்குக் கடை வைத்தார்கள், திண்ணையில் உட்கார்ந்து கதையாகச் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். எழுதத் தெரிந்தவர்களோ பார்க்கவில்லை. பார்த்தும் இருந்து, எழுதவும் வந்த ஆளுக்கு ஒரு நெருக்கடி உண்டு. தான் எழுதாவிட்டால் அது இல்லாமலே போய்விடும். அக்கரையிலிருந்து வந்தவர் ஐந்தொகையை அனுப்பாமல் வைத்திருக்கிற மாதிரியான அரிப்பு அது. முதலாளி கேட்கவில்லை, கடையே மூடியாகிவிட்டது, ஆனாலும் கணக்கு நேர் செய்யாமல் கிடக்கிறது. ஏ. கே. செட்டியாரை ஒரு லட்சம் மைல் ஓட்டியதும் இதே அரிப்புதான் என்பது என் எண்ணம். அந்த ஃபிலிம் துண்டுகளை அப்போது ஒருவர் சேர்க்காவிட்டால் சேர்க்க ஆளே இருக்காது.

1946-இல் ஜார்ஜ் ஆர்வெல், தான் எழுதுவது ஏன் என்று ஒரு கட்டுரை எழுதினார். நான்கு காரணம் சொன்னார். அதில் முதலாவதாக வைத்தது தற்பெருமையை. நேர்மையான மனிதர். நடந்ததை நடந்தபடி பின்னால் வருகிறவர்களுக்கு வைத்துவிட்டுப் போகிற ஆசையையும் அந்த நான்கில் ஒன்றாகச் சொல்லியிருக்கிறார். கோட்டையூருக்கும் சிங்கம்புணரிக்கும் அதுதான் பொருந்துகிறது. தற்பெருமை நம் இருவரிடமும் சுத்தமாக இல்லை என்று நான் தம்பியிடம் சாதிக்கவில்லை. பத்திரிகை வந்ததும் அவன் முதலில் தன் பெயரைத்தான் தேடுவான், நானும் அப்படித்தான்.

“சரிண்ணே. அப்ப சிங்காரம் அடுத்து என்ன எழுதினாரு?”

எழுதவில்லை. அதைச் சொன்னதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். நாவல் என்று இரண்டுதான். 1962-க்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் உயிரோடு இருந்தார், மூன்றாவது வரவில்லை. இந்த இடத்தை மறைத்துவிட்டு ‘எழுத்தாளன் எதையும் எதிர்பாராமல் எழுதிக்கொண்டே இருப்பான்’ என்று பேசுவது பித்தலாட்டம். எழுதாவிட்டால் இல்லாமல் போய்விடும் என்கிற அரிப்பு ஒருவரைத் தொடங்க வைக்கும், இரண்டு நாவல் வரைகூட இழுத்துக்கொண்டு வரும். தொடர வைப்பதற்கு அது மட்டும் போதவில்லை.

அப்படியானால் ஏ. கே. செட்டியாரை நாற்பது வருஷம் ஓட வைத்தது எது? மனத்திண்மை என்று சொல்லிவிடலாம். சிங்காரத்திடம் இல்லாத திண்மையா? தனியறையில் ஒரு மனிதர் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு நாவல் எழுதியிருக்கிறார், இரண்டையும் தூக்கிக்கொண்டு பதிப்பாளர் வாசலில் நின்றிருக்கிறார். எனக்குத் தெரிகிற வித்தியாசம் ரொம்பச் சாதாரணமானது. செட்டியாரிடம் ஒரு மாத இதழ் இருந்தது. மாதம் பிறந்தால் இதழ் வர வேண்டும், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க எங்கேயோ சந்தாதாரர்கள் இருந்தார்கள். கூட்டம் பெரிதாக இல்லாவிட்டாலும் விலாசம் உள்ள மனிதர்கள். சிங்காரத்தின் கையெழுத்துப் பிரதிக்கு மறுபக்கத்தில் விலாசமே இல்லை. முதல் நாவல் ஒன்பது வருஷம், இரண்டாவது பத்து வருஷம் அப்படிக் கிடந்தது.

புகழையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று தம்பிக்குச் சொன்னேன். மேடையில் சால்வை போடுகிற ஐந்நூறு பேரில் நானூற்றுத் தொண்ணூறு பேர் படித்திருக்க மாட்டார்கள். ‘போன கதையில் அந்தத் தூண் விஷயம் சரியில்லையே’ என்று ஒரு ஆள் வந்து கேட்டால் அவர் படித்தவர். சால்வை வாங்கினவன் வீட்டுக்குப் போய்த் தூங்குவான். இந்தக் கேள்வி வந்தவன் வீட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுப்பான்.

இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர் வத்தலக்குண்டு சி. சு. செல்லப்பா. 1959-இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கும்போதே இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சடிக்கமாட்டேன், கடையில் விற்கமாட்டேன், சந்தாக்காரருக்கு மட்டும்தான் என்று அறிவித்தார். விற்காத பத்திரிகைக்காரனின் வீம்பு என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். அந்த எல்லையைத் தொடுகிற ஆபத்து ‘எழுத்து’வுக்கு வரவே இல்லை என்பது வேறு கதை. ஆனால் அவர் கேட்டது தெளிவாக இருக்கிறது. கூட்டம் வேண்டாம், இன்னார் என்று தெரிந்த ஆள் வேண்டும். புத்தக மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். பத்திரிகை 1970 வரை நடந்தது. தமிழ்ப் புதுக்கவிதை காலூன்றியது அதில்தான். கையில் இருந்ததையெல்லாம் அதில் இழந்தார். அதைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அந்த இழப்பை அவர் ஒருவராகத் தாங்கவில்லை, வீட்டிலிருந்தவர்களும் சேர்ந்து தாங்கினார்கள்.

தம்பி இன்னொரு டீ சொன்னான். இவன் சொன்னால் அப்பா கணக்கில் போகும், அதனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. “அப்ப காசு வந்தா எழுத்து கெட்டுப் போகும்கிறாங்களே, அது?” என்றான்.

அதற்கு ஒரு பரிசோதனை இருக்கிறது. 1973-இல் வெளியானது, லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் செய்தது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து நர்சரிப் பள்ளி. கலர்ப் பேனாவால் படம் வரைய ஆசைப்படுகிற குழந்தைகளாகப் பார்த்து எடுத்தார்கள். சிலரிடம், வரைந்தால் ரிப்பன் கட்டின சான்றிதழ் தருகிறோம் என்று முதலிலேயே சொன்னார்கள், கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மிச்சப் பேருக்கு எதுவும் கிடையாது. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்கள். பேரம் பேசிச் சான்றிதழ் வாங்கின குழந்தைகள் மற்றவர்களில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கின குழந்தைகளிடம் ஆசை குறையவில்லை.

ஆகவே காசே கெடுதல் என்று யாராவது தத்துவம் பேசினால் நம்ப வேண்டாம். அந்தக் குழந்தைகளின் ஆசையைக் குறைத்தது முன்கூட்டியே பேசின பேரம். ‘கடலுக்கு அப்பால்’ பரிசு வாங்கினதால் சிங்காரம் கெட்டுப்போகவில்லை, அதற்குப் பிறகுதான் தோணியை எழுதினார். அவரைக் கெடுத்தது தோணிக்குப் பிறகு வந்த பத்து வருஷ மௌனம். இது என் தீர்ப்பு, யாரும் மறுக்கலாம்.

வாசகர்கள் வராமலே போகவில்லை. 1980களில் சி. மோகன் போன்ற விமர்சகர்கள் ‘புயலிலே ஒரு தோணி’யைத் தமிழின் முதல் வரிசை நாவல்களில் வைத்துப் பேசத் தொடங்கினார்கள். ந. முருகேசபாண்டியன் சிங்காரத்தைத் தேடிப் போய்ப் பேட்டி எடுத்தார். அறுபதைக் கடந்த மனிதர். இத்தனை பேர் அறுபதுகளில் வந்திருந்தால் அந்த அறையிலிருந்து இன்னும் என்னென்ன வந்திருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. 1997 டிசம்பர் 30-இல் இறந்தார். வாழ்நாள் சேமிப்பை நாடார் மகாஜன சங்கத்திடம் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று கொடுத்துவிட்டார். தான் இறந்த செய்தியை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவைத்திருந்தார்.

“அண்ணே, நான் மெடானும் பாக்கல, காந்தி படமும் எடுக்கல. கடையில உக்காந்திருக்கேன். என்கிட்ட என்ன இருக்கு?”

இந்தக் கேள்விக்காகத்தான் இரண்டாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். வீடு பிரிக்கிற இடத்துக்கு அப்பாவோடு போவாயே, முதலில் என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். ஓட்டை இறக்குவதற்கு முன்னாலேயே தூணுக்கெல்லாம் சாக்பீஸால் நம்பர் போடுவார்களாம். முற்றத்தின் வடகிழக்குத் தூண் ஒன்று, அங்கிருந்து வலமாக. வாங்குகிறவர் பெங்களூரிலோ கேரளத்திலோ அதே வரிசையில் நிறுத்த வேண்டும் அல்லவா. நிலையைப் பெயர்க்கும்போது மட்டும் ஆசாரி வெற்றிலை பாக்கு வைக்கச் சொல்வாராம். ஒரு வீட்டில் நிலைக்கு மேலே, சுண்ணாம்பு மூடின இடத்தில், பென்சிலால் எழுதின வரவு செலவு இருந்ததாம். வீடு கட்டின காலத்துக் கொத்தனார் எழுதியது. ஆள், நாள், கூலி. அப்பா அதைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லியும் ஆட்கள் துடைத்துவிட்டார்களாம், மரம் சுத்தமாக இருந்தால்தான் விலை போகும் என்று. “நான் போட்டோ எடுக்கப் போறதுக்குள்ள போச்சு. ஆனா எனக்கு அந்தப் பேரெல்லாம் ஞாபகம் இருக்கு.”

“எழுதியிருக்கியா?”

“இதெல்லாம் கதையாண்ணே?”

கதையா கட்டுரையா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பேர்களை முதலில் எழுது, நம்பர் போடுகிற முறையை எழுது, வெற்றிலை பாக்கை எழுது என்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு வேண்டும் என்றும் சொன்னேன்.

“வெள்ளி முடியாதுண்ணே. தேவகோட்டையிலேர்ந்து லோடு வருது, எறக்கணும்.”

“சனி?”

“சனிக்கெழம சந்தேகம். ஞாயித்துக்கெழம கட்டாயம் தாரேன். ஆனா நீங்க நெசமாப் படிப்பீங்கல்ல?”

படிப்பேன், தூணை எண்ணத் தொடங்குகிற திசை தப்பாக இருந்தால் உன் அப்பாவிடமே கேட்டுத் திருத்துவேன் என்று சொன்னேன். அவன் டீக்காசைக் கொடுக்கப் போனான்.